தொப்புளில் தொடங்கிய வலி: என் குடல்வால் அனுபவம்

முதலில் தொப்புளைச் சுற்றித்தான் வலித்தது. எந்த இடம் என்று விரல் வைத்துக் காட்ட முடியாத மந்தமான வலி. மதியம் சாப்பிட்ட பரோட்டாவின் மேல் பழியைப் போட்டு அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தார். ராத்திரி சோற்று வாசனையே குமட்டியது, வாந்தியும் வந்தது.

விடியும்போது வலி இடம் மாறியிருந்தது. வலது அடிவயிறு, இப்போது ஒற்றை விரலால் காட்டலாம். இருமினால் சுருக்கென்றது. லேசான காய்ச்சல் வேறு. சித்தி வந்து பார்த்துவிட்டு, "குடலேத்தம்டி, ஆச்சிகிட்ட எண்ணெய் போட்டுத் தட்டிட்டா சரியாப் போயிரும்" என்றார். ஆச்சி கைராசிக்காரர்தான். ஆனால் தொட்டாலே துள்ளுகிற வயிற்றை யாரிடமும் தட்டக் கொடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. "இல்ல சித்தி, ஆஸ்பத்திரிக்கே போயிடுறேன்" என்று அண்ணன் பைக்கில் ஏறிவிட்டேன்.

வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் உயிர் போனது. இதைச் சொன்னதும் டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். 2012-இல் இங்கிலாந்தில் இதையே ஓர் ஆய்வாகச் செய்திருக்கிறார்கள் என்று பிறகு படித்தேன். குடல்வால் அழற்சி (அப்பெண்டிக்ஸ் வீங்கிப் புண்ணாவது) உறுதியான 34 பேரில் 33 பேருக்கு வேகத்தடையில் வலி கூடியிருந்தது. அந்த நோய் இல்லாத பலருக்கும் வலித்ததாம், அதனால் இதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

டாக்டர் இடது பக்கம் அழுத்தினார், வலது பக்கம் வலித்தது. மெதுவாக அழுத்திச் சட்டென்று கையை எடுத்தபோது அழுதே விட்டேன். அப்புறம் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். "கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்சே?" என்று நர்ஸ் கேட்டுவிட்டு, கர்ப்பப் பரிசோதனைக்கும் சிறுநீர் வாங்கிக்கொண்டார். கல்யாணமாகாத பெண்ணிடம் இது என்ன கேள்வி என்று அம்மாவுக்குக் கோபம். கருக்குழாயில் கரு தங்கினாலும் இதே இடத்தில் வலிக்கும், அதுவும் உயிருக்கு ஆபத்து. அதனால் எல்லாப் பெண்களிடமும் கேட்பார்கள். கூச்சப்படாமல் பதில் சொல்லிவிடுவது நல்லது.

காலையில் என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு என்றும் கேட்டார்கள், மயக்க மருந்துக்காக. இப்படி வலிக்கும்போது காபிகூட வேண்டாம். பேதி மருந்து, விளக்கெண்ணெய் எல்லாம் கூடவே கூடாது.

நான் காத்திருந்த நேரத்தில், "வெறும் கேஸுதான்" என்று நெஞ்சுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். வியர்த்துக் கொட்டியது. வயிற்றைத் தொடுவதற்கு முன்பே அவருக்கு ஈசிஜி எடுத்தார்கள். மேல்வயிற்று வலி மாரடைப்பாகவும் இருக்கலாம். அந்த மாதிரி நேரத்தில் பைக் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

எனக்குக் குடல்வாலை எடுக்கும் ஆபரேஷன் மூன்று சின்னத் துளைகளோடு லேப்ராஸ்கோபியில் முடிந்தது. பக்கத்துக் கட்டில் அக்காவுக்கு அப்படி இல்லை. வீட்டில் இருந்தபோதே வலி திடீரென்று குறைந்திருக்கிறது, அப்பாடா என்று படுத்துவிட்டார். உள்ளே குடல்வால் வெடித்திருந்தது. கொண்டுவரும்போது வயிறு பலகை மாதிரி இறுகி, சீழ் பரவியிருந்ததாம். வயிற்றைத் திறந்துதான் செய்தார்கள்.

தையல் பிரிக்கப் போகும்போது பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். எடுத்த குடல்வாலில் வேறு ஏதாவது கட்டி இருக்கிறதா என்று பார்க்க அனுப்புவார்கள். நாம் கேட்காவிட்டால் அது அங்கேயே கிடக்கும்.