பந்தாய் கெராச்சுட்டில் ஒரு ராத்திரி: ஐசியை மறந்துவிட்டுப் போகாதீர்கள்

முழங்கால் வரைக்கும் அகாஸ் என்கிற மணல் ஈ கடித்த தடிப்பு இன்னும் ஆறவில்லை, சொறிந்துகொண்டேதான் இதை எழுதுகிறேன். பினாங்கு தேசியப் பூங்காவுக்குள் பந்தாய் கெராச்சுட் கடற்கரையில் ஒரு ராத்திரியாவது கூடாரம் போட்டுத் தங்க வேண்டும் என்பது என் பையனின் இரண்டு வருட நச்சரிப்பு. கெடாவில் நாங்கள் இருக்கும் பீடோங்கிலிருந்து பூங்கா வாசல் இருக்கும் தெலுக் பஹாங் அப்படி ஒன்றும் தூரமில்லை. பினாங்குப் பாலத்தைத் தாண்டிவிட்டால் பத்து பெரிங்கி வளைவுகள்தான் பாக்கி. காலையில் கிளம்பினால் சாயங்காலம் கூடாரம் போட்டு உட்கார்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஆனால் முதல் தடவை தூரத்தில் நின்று கடலைப் பார்த்துவிட்டு அப்படியே வீடு திரும்பினோம்.

காரணம் ஐசி, அதாவது அடையாள அட்டை. முதல் நாள் சாயங்காலம் மச்சான் ஒரு செம்பனை ஆலைக்குப் பம்பு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அங்கே வாசலில் காவலுக்கு இருக்கும் ஜாகா ஐசியை வாங்கி வைத்துக்கொண்டு பாஸ் கொடுப்பார், திரும்பும்போது மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றிக்கொள்ளவில்லை. பூங்கா கவுண்டரில் நின்று பர்ஸைத் திறந்தால், ஐசி இருக்க வேண்டிய இடத்தில் 'பெலாவாட் 14' (வருகையாளர் 14) என்று எழுதிய ஒரு பச்சை அட்டை. "மாமா, உங்க பேரு பெலாவாட்டா?" என்று என் பையன் கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. மச்சான் ஐசி நம்பரை மூச்சுவிடாமல் ஒப்பித்துப் பார்த்தார், ஆனால் ராத்திரி தங்குகிறவர்களுக்கு அட்டையைப் பார்த்துத்தான் பதிவு செய்ய முடியும் என்று சொல்லிவிட்டார்கள். சரி, ஐசி இருந்திருந்தாலும் போயிருக்க முடியாது, ஏனென்றால் மணி அப்போதே நாலரை. பட்டர்வொர்த்தில் நாசி கண்டார் சாப்பிடாமல் வரமாட்டேன் என்று அடம்பிடித்ததும் அதே மச்சான்தான், அப்புறம் சனிக்கிழமைப் பாலத்து நெரிசல் வேறு. இருட்டுகிற நேரத்தில் சின்னப் பிள்ளைகளோடு காட்டுப் பாதையில் விடமாட்டோம் என்றார்கள், நியாயம்தான். திரும்பி வரும் வழியில் காடிக்குள் ஒரு பேச்சில்லை, மச்சான் மகள் மட்டும் பின்சீட்டில் ஆமை படம் வரைந்துகொண்டே வந்தாள்.

இரண்டாவது தடவைக்கு லீவு போட்டேன். வார நாள். முதல் நாளே போன் செய்து கேட்டுக்கொண்டோம், எல்லோருடைய ஐசியையும் ராத்திரியே வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன், மச்சானுடையதை வாங்கும்போது திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். கவுண்டரில் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

இங்கேதான் அடுத்த முட்டாள்தனம். கெராச்சுட்டுக்கு ஒன்றரை மணி நேர நடை என்று எல்லோரும் சொல்வார்கள். அது தோளில் ஒன்றும் இல்லாமல் கைவீசி நடப்பவனுக்கு. நாங்கள் ஐஸ்பெட்டி தூக்கிக்கொண்டு போனோம். கோழி, ஐஸ், பிள்ளைகளுக்குப் பாக்கெட் மைலோ, எல்லாம் சேர்த்து ஒரு நெல்மூட்டை கனம். பாதை பிரியும் இடத்தில் வலது பக்கம் திரும்பினால் குரங்குக் கடற்கரைக்கும், அதற்கும் அப்பால் 1883-ல் கட்டிய முக்கா ஹெட் கலங்கரை விளக்கத்துக்கும் போகலாம். கெராச்சுட் போகிறவர்கள் அங்கிருந்து குன்றின் மேல் ஏறித்தான் அந்தப் பக்கம் இறங்க வேண்டும். ஏற்றம் முழுக்க வேர்ப்படிக்கட்டு. ஐஸ்பெட்டியை ஆளுக்கு ஒரு பிடி பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நண்டு மாதிரி ஏறினோம். போய்ச் சேர இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. ஐஸ்பெட்டி வேண்டவே வேண்டாம் என்று யார் கேட்டாலும் சொல்வேன். அரிசி, நெத்திலி, சார்டின் டின், மேகி, அவ்வளவு போதும். தண்ணீரில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள்.

கடற்கரை அழகுதான், அதைப் பற்றி ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். ஏரியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. கடற்கரைக்குப் பின்னாலேயே ஓர் ஏரி இருக்கிறது. மேலே ஓடையிலிருந்து வரும் நல்ல தண்ணீர், அடியில் கடலின் உப்புத் தண்ணீர், இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்கும். இதை நான் வழி முழுக்கப் பெரிதாக அளந்துகொண்டு வந்தேன். வருஷம் முழுக்க அது நிறைந்திருக்காது என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டேன். நாங்கள் போன ஜூன் மாதத்தில் பாதி வற்றி, சேறு வெடித்துக் கிடந்தது. "இதுதானாப்பா ஏரி?" என்றான் பையன். பக்கத்தில் இருந்த ஆமைக் காப்பகம்தான் என் மானத்தைக் காப்பாற்றியது, தொட்டியில் உள்ளங்கை அளவு ஆமைக் குஞ்சுகள் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தன. கடலில் குளிக்கவும் முடியாது, சொறிமீனும் இழுப்பும் இருக்கிறது. கடற்கரைக்குப் போய்க் குளிக்காமல் வருவதற்குப் பிள்ளைகளை வீட்டிலேயே தயார் பண்ணிவிடுங்கள்.

கூடாரம் போடும் இடத்தில் குழாய், கழிவறை, ஒதுங்க ஒரு கூரை என்று அடிப்படை வசதி இருக்கிறது. மின்சாரத்தை மறந்துவிட வேண்டியதுதான். எனக்கு மரத்தடி பிடிக்கவில்லை, கதவைத் திறந்தால் கடல் தெரிய வேண்டும் என்று மணலில் முன்னால் கொண்டுபோய்ப் போட்டேன். முளை அடித்து முடிக்கும்போது அந்தப் பக்கமாக வந்த ஒரு பாக் சிக் (மலாய்ப் பெரியவர்) நின்று பார்த்தார். கூடாரத்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், அப்புறம் ஒன்றும் சொல்லாமல் காலால் மணலில் ஒரு கோட்டைக் காட்டினார். காய்ந்த இலை, சுள்ளி, ஒரு ஒற்றைச் செருப்பு, பாட்டில் மூடி எல்லாம் ஒரே வரிசையில் ஒதுங்கிக் கிடந்தன. அந்த வரிசை என் கூடாரத்துக்குப் பின்னால் இருந்தது. "மாலாம் இனி புர்னாமா, ஆயர் நாய்க்" என்றார். இன்று ராத்திரி பௌர்ணமி, தண்ணீர் ஏறும். வீட்டில் அம்மா காலண்டரைப் பார்த்து விரதம் இருக்கிறார், எனக்குத்தான் உறைக்கவில்லை. பிடுங்கி மேட்டில் மரத்தடிக்கே கொண்டுபோனோம், மச்சான் முனகிக்கொண்டே வந்தார். ஆமை ஏதாவது முட்டையிட வருமா என்று பதினொரு மணி வரை டார்ச்சை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தோம் (வெளிச்சம் பட்டால் திரும்பிப் போய்விடும்), வரவில்லை. ஆனால் நடு ராத்திரியில் எழுந்து பார்த்தபோது, சாயங்காலம் நான் முளை அடித்த இடத்தில் நிலா வெளிச்சத்தில் நுரை போய் வந்துகொண்டிருந்தது. மச்சானை எழுப்பிக் காட்டினேன். அதற்கப்புறம் முனகல் இல்லை.

தண்ணீர் கீழிருந்து வந்ததற்குத் தப்பித்தோம், மேலிருந்து வந்ததற்கு மாட்டினோம். விடியற்காலை நாலரை மணி இருக்கும், ஒரு நிமிஷம் காற்றே இல்லை, அடுத்த நிமிஷம் கூடாரம் ஒரு பக்கமாகப் படுத்துவிட்டது. நம் மேற்குக் கரைக்காரர்களுக்குத் தெரிந்த சுமத்ரா காற்றுதான், ராத்திரி அந்தப் பக்கம் திரண்டு நீரிணையைத் தாண்டி விடிவதற்கு முன்னால் வந்து அறையும். ஆனால் அதை ஓட்டு வீட்டுக்குள் படுத்துக்கொண்டு கேட்பது வேறு, துணிக்குள் உட்கார்ந்து கேட்பது வேறு. இரண்டு கம்பி சடக்கென்று போயிற்று. மேட்டிலிருந்து மழைத்தண்ணீர் நேராகக் கூடாரத்துக்குள்ளேயே இறங்க ஆரம்பித்தது. அப்போது மச்சான் செய்ததை நான் மறக்கமாட்டேன், பெலாவாட் 14 எல்லாம் அதோடு மன்னிப்பு. சோற்றுப் பானை மூடியை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார், மண்டியிட்டுக் கூடாரத்தைச் சுற்றி ஒரு ஜாண் ஆழத்துக்குத் தண்ணீர் ஓடக் கான் வெட்டினார், அதைச் சரிவுப் பக்கம் திருப்பிவிட்டார். நான் டார்ச் பிடித்தேன், வேறொன்றும் செய்யத் தெரியவில்லை. "தோட்டத்து லயத்துல பொறந்துட்டு கான் வெட்டத் தெரியலன்னா எப்படி மச்சான்" என்று மழையில் கத்தினார். பிள்ளைகள் படுத்திருந்த மூலை கடைசிவரை நனையவில்லை.

விடிந்ததும் குரங்குகள். தோட்டத்தில் குரங்கு பார்த்து வளர்ந்தவன்தான், ஆனால் இவை ஜிப்பு திறக்கின்றன. நாங்கள் போர்வை பிழிந்துகொண்டிருந்தபோது ஒரு ரொட்டிப் பொட்டலம் மரத்துக்கு மேல் போய்விட்டது. சாப்பாட்டுப் பையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவதும் பிரயோஜனமில்லை, மூடி இறுகிய டப்பாதான் சரி.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன், படகு விஷயம்தான் இன்னும் ஆறவில்லை. ஐஸ்பெட்டியோடு திரும்பவும் குன்றேற முடியாது என்பதால், முதல் நாளே தெலுக் பஹாங்கில் ஒரு படகுக்காரரிடம் காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லி ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) முன்பணம் கொடுத்திருந்தேன். ஒன்பது ஆனது, பத்து ஆனது, பதினொன்று ஆனது. போனில் லைன் வருகிறது, போகிறது. காற்றடித்த மறுநாள் கடல் கொந்தளிப்பாகத்தான் இருந்தது, வராதது தப்பில்லை, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா. கடைசியில் ஐஸைக் கொட்டிவிட்டு, ஈரக் கூடாரத்தை ஐஸ்பெட்டிக்குள் திணித்து, வந்த வழியே நண்டு நடை. வீடு வந்து சேர்ந்து ராத்திரி வாட்ஸ்அப்பைத் திறந்தால் "ஓம்பாக் பெசார்" என்று ஒரே வரி. அலை பெரிது என்பது எனக்கும் தெரியும் ஐயா, என் ஐம்பது வெள்ளி என்னாச்சு என்று கேட்டேன். நீலக் கோடு விழுந்தது, பதில் விழவில்லை. படகில் திரும்புவதாக இருந்தால் காசை ஏறி உட்கார்ந்தபிறகு கொடுங்கள், நடந்தே திரும்பவும் நேரம் ஒதுக்கி வையுங்கள்.

கூடாரம் இப்போது வீட்டுப் பின்னால் துணிக்கொடியில் தொங்குகிறது, மூன்று தடவை அலசியும் மடிப்பிலிருந்து மணல் கொட்டிக்கொண்டே இருக்கிறது. அடுத்த பள்ளி விடுமுறைக்கு எங்கே என்று பையன் ஆரம்பித்துவிட்டான். எட்டரை மில்லிமீட்டர் ஃபைபர் கம்பி இரண்டு வேண்டும், சுங்கை பட்டாணியில் இரண்டு கடை ஏறி இறங்கிவிட்டேன், முழுக் கூடாரமாக வாங்கு என்கிறார்கள். தனியாக விற்கும் கடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.