கொடி பிடிக்கிற கைக்குத் தெரிந்தது

கால்பந்து ஆட்டங்களில் உதவி நடுவராகப் பக்கக்கோட்டில் நிற்க ஆரம்பித்த நாளிலிருந்து அதிகம் கேட்ட வசவு ஒன்றுதான்: "பச்சைப் புல் தெரியுது சார், இன்னும் என்ன பார்க்கிறீங்க?"

கோட்டுக்கும் பந்துக்கும் நடுவே புல் தெரிந்தால் பந்து வெளியே என்றுதான் நானும் விளையாடிய காலத்தில் நம்பினேன். பயிற்சி வகுப்பில் ஒரு மூத்த நடுவர் பந்தைக் கோட்டுக்கு அந்தப் பக்கம், கோட்டின் வெளி விளிம்பிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்தார். மைதானத்துக்குள் நின்று பார்த்தால் கோடு, அடுத்து பளிச்சென்று ஒரு பட்டை புல், அதற்கப்புறம் பந்து. "வெளியே" என்றோம் எல்லோரும். நேர்மேலே குனிந்து பார்க்கச் சொன்னார். பந்தின் வயிறு கோட்டின் மேல் சாய்ந்திருந்தது. பந்தின் சுற்றளவு 68-லிருந்து 70 சென்டிமீட்டர். அப்படியென்றால் விட்டம் ஏறக்குறைய 22. தரையைத் தொடும் புள்ளியிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 11 சென்டிமீட்டர் பிதுங்கி நிற்கும். கோடும் மைதானத்தைச் சேர்ந்ததுதான். முழுப் பந்தும் முழுக் கோட்டையும் தாண்டினால்தான் வெளியே, தரையில் போனாலும் சரி, காற்றில் போனாலும் சரி. கோலுக்கும் இதே கணக்குத்தான்.

2022 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு எதிராக ஜப்பானின் மிதோமா கோல் கோட்டில் இழுத்துக் கொடுத்த பந்தை தனாகா கோலாக்கினாரே, அந்த இரவு எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் எனக்கு ஃபோன் செய்தார்கள். கீழ்க் கோணத்தில் எடுத்த படத்தில் புல் நன்றாகவே தெரிந்தது. மேலிருந்து எடுத்த படத்தில் பந்தின் ஓரம் கோட்டின் மேல் இருந்தது. வீடியோ நடுவர்கள் பார்த்துவிட்டுக் கோல் என்றார்கள். ஸ்பெயின் தோற்றது, அதே பிரிவில் இருந்த ஜெர்மனி வீட்டுக்குப் போனது. நான் மட்டும் நாலு விரல் கணக்கை ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். கோல் விழுந்ததால்தான் அதை வீடியோவில் பார்த்தார்கள். வெறும் த்ரோ-இன் யாருக்கு என்ற தகராறாக இருந்தால் வீடியோ நடுவர் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். அது கொடி பிடிப்பவன் பாடு.

எங்கள் அளவிலான போட்டிகளில் வீடியோவும் இல்லை, காதில் மாட்டும் கருவியும் இல்லை. அதனால் போட்டிக்கு முன் கோடுகளைப் பார்ப்பதில் எனக்குக் கொஞ்சம் வெறியே உண்டு. கோல் கோட்டின் அகலமும் கம்பத்தின் அகலமும் ஒன்றாக இருக்க வேண்டும், 12 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஒரு மைதானத்தில் சுண்ணாம்புக் கோட்டைக் கம்பத்துக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளிப் போட்டிருந்தார்கள். அப்படியே விட்டிருந்தால் அன்று கோல் விழுவதற்குப் பந்து கூடுதலாக ஒரு சாண் பயணம் செய்திருக்க வேண்டும். திருத்தி வரைய வைத்தேன். கோடு போட்டவர் என்னை ஆட்டம் முடியும்வரை முறைத்துக்கொண்டிருந்தார்.

கோட்டின் நேர் நீட்டிப்பில் நின்றால் பெரும்பாலும் உண்மை தெரியும். அங்கே நிற்க முடிவதில்லை என்பதுதான் தொல்லை. ஆஃப்சைடுக்காக, அதாவது தாக்கும் அணிக்காரர் டிஃபெண்டர்களைத் தாண்டி நிற்கிறாரா என்று பார்க்க, நான் கடைசிக்கு முந்தைய டிஃபெண்டரோடு நகர்ந்தாக வேண்டும். ஒரு லீக் ஆட்டத்தில் அவர் கோல் கோட்டிலிருந்து பதினைந்து மீட்டர் தள்ளி நின்றார், நானும் அங்கேதான். இருபது மீட்டரிலிருந்து ஒருவர் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தின் அடிப்பக்கம் பட்டு, செங்குத்தாக இறங்கி, தரையில் மோதி மைதானத்துக்குள்ளேயே திரும்பத் துள்ளியது. ஒரு நொடிகூட ஆகியிருக்காது. அதற்குள் நான் எடுத்து வைத்தது மூன்று எட்டு.

கோல் என்று நிச்சயமாகத் தெரிந்தால் கொடியைத் தூக்கி நடுவரின் கவனத்தைத் திருப்ப வேண்டும். எனக்குத் தெரியவில்லை. நடுவர் என்னைப் பார்த்தார். இல்லை என்று தலையை லேசாக ஆட்டினேன். ஆட்டம் தொடர்ந்தது. 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லாம்பார்டு அடித்தது டிவி பார்த்த எல்லோருக்கும் கோல், மைதானத்தில் இருந்த நடுவர்களுக்கு மட்டும் இல்லை. அதுவரை அந்த உதவி நடுவரை நானும் கிண்டல் செய்திருக்கிறேன். அன்றோடு நிறுத்திவிட்டேன்.

பந்து வெளியே போனதும், கோல் கிடைக்காத அணியின் தலைவர் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார். "பாருங்க சார், சுண்ணாம்பு! கோட்டுல விழுந்திருக்கு!" பந்தில் வெள்ளையாக ஒரு தீற்றல் இருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. கோட்டின் மேல் விழுந்திருந்தால் முழுப் பந்தும் தாண்டவில்லை என்றுதானே அர்த்தம்! அவர் கொண்டுவந்தது என் தரப்புச் சாட்சி. அது முந்தைய கார்னரில் ஒட்டியதாகவும் இருக்கலாம் என்பது வேறு விஷயம். விளக்கம் சொல்லவில்லை. கோபத்தில் இருப்பவரிடம் வடிவியல் பேசக் கூடாது.

பெரிய போட்டிகளில் 2012-க்குப் பிறகு கோல் கோட்டுத் தொழில்நுட்பம் வந்துவிட்டது. பந்து தாண்டிய ஒரு நொடிக்குள் நடுவரின் கைக்கடிகாரம் அதிரும். அதுவும் 2020 ஜூனில் ஆஸ்டன் வில்லா – ஷெஃபீல்டு யுனைடெட் ஆட்டத்தில் கைவிட்டது. கோல்கீப்பர் பந்தோடு கோட்டைத் தாண்டியிருந்தார்; ஏழு கேமராக்களையும் வீரர்களும் கம்பமும் மறைத்துவிட்டதாக அந்தத் தொழில்நுட்பத்தை நடத்தும் நிறுவனமே சொல்லி மன்னிப்புக் கேட்டது. எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம், ஒப்புக்கொள்கிறேன்.

ஆட்டம் முடிந்து ஷூ கழற்றிக்கொண்டிருந்தபோது நடுவர் கோலா இல்லையா என்று கேட்கவே இல்லை. "எங்கே நின்னே?" என்றுதான் கேட்டார். சொன்னேன். "சரி" என்றார், அவ்வளவுதான்.

அந்தக் காட்சியை யாரோ கார்னர் கொடிப் பக்கமிருந்து ஃபோனில் எடுத்திருந்தார்கள். மறுநாள் எங்களுக்கும் வந்து சேர்ந்தது. பந்து தரையைத் தொடும் அந்த ஒரு கணத்தில் மட்டும் கோல் கம்பம் குறுக்கே நின்று மறைத்திருந்தது. நான் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். நடுவர் பத்துத் தடவைக்கு மேல் பார்த்தாராம்.