ஒரு நாளைக்கு ஐந்து வாசல்

2019 செப்டம்பர் 9, திங்கள்

வேலை போய் இன்றோடு பத்து நாள். ரங்கூன் பாயின்நாங் பருப்புச் சந்தையில் மூன்று வருஷம் கணக்கெழுதிய கிடங்கு. 2017 ஆகஸ்டில் இந்தியா துவரைக்கும் உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் இறக்குமதிக்கு வரம்பு போட்டதிலிருந்தே முதலாளி மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டினார். ஆறு பேர் நாலானோம், நாலு பேர் இரண்டானார்கள். அந்த இரண்டில் நான் இல்லை. கோபம் ஒன்றும் இல்லை, கடைசிச் சம்பளத்தைப் பிடிக்காமல் கொடுத்தார்.

"தடின்ஜுட் கழியட்டும்மா, நாலு பேர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்" என்கிறார் மாமா. தடின்ஜுட் இங்கத்து விளக்குத் திருவிழா, அக்டோபரில் வருகிறது. அந்த நாலு பேரையும் எனக்குத் தெரியும். நாலு பேருமே ஆளைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள். படுத்தபடி போனில் விளம்பரம் தள்ளித் தள்ளிக் கண் எரிகிறது. நாளையிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து வாசல் ஏறி இறங்குவது. இங்கே எழுதிவிட்டேன், இனி பின்வாங்கினால் எல்லோரும் கேட்பீர்கள்.

செப்டம்பர் 11, புதன்

ஒரு வாசலும் ஏறவில்லை. இரண்டு நாளும் காகிதத்துக்கே சரியாகிவிட்டது. வார்டு ஆபீஸ் கடிதம், போலீஸ் ஸ்டேஷன் கடிதம், அடையாள அட்டை நகல், குடும்பப் பட்டியல் நகல், லைசென்ஸ் சைஸ் போட்டோ. இவை இல்லாமல் இந்த ஊரில் மனுவைக் கையில்கூட வாங்கமாட்டார்கள்.

வார்டு ஆபீஸில் இருந்தவர் அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் தமிழ், பெயர் பர்மியம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா வைத்த பெயர். தமிழ்ப் பெயருக்கு இப்போது காளி கோயில் அர்ச்சனையில்தான் வேலை. நல்லவேளை, எல்.சி.சி.ஐ. கணக்குப் பரீட்சையின் மூன்றாம் நிலைச் சான்றிதழும் பர்மியப் பெயரிலேயே இருக்கிறது. இல்லாவிட்டால் அதற்கு ஒரு கடிதம் வாங்க அலைந்திருப்பேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

மெர்ச்சன்ட் ரோடும் ஸ்ட்ராண்ட் ரோடும் பாதி முடிந்தன. நேற்று ஐந்து வாசலிலும் "ஆள் எடுக்கிறீங்களா சயா?" என்று வாட்ச்மேனிடம் கேட்டேன் (சயா என்றால் பர்மியத்தில் ஐயா). ஐந்திலும் இல்லை. வாட்ச்மேனுக்கு எப்படித் தெரியும், பாவம்? இன்று கேள்வியை மாற்றினேன்: "கணக்குப் பார்க்கிற அமாவை (அக்காவை) ஒரு நிமிஷம் பார்க்கணும்." மூன்று இடத்தில் உள்ளே விட்டார்கள்!

வேலை அங்கேயும் இல்லைதான். ஆனால் எழுந்து வருவதற்கு முன் இன்னொன்று கேட்கிறேன்: "உங்களுக்குத் தெரிஞ்ச ஆபீஸ் ஏதாவது சொல்லுங்க அமா." இதற்கு மட்டும் யாரும் இல்லை என்பதே கிடையாது. ஒரு முகவரியாவது கையில் வந்துவிடுகிறது. நோட்டில் வாசல் ஒரு பக்கம், அங்கே கிடைத்த அடுத்த வாசல் எதிர்ப் பக்கம். பழைய பேரேட்டுப் பழக்கம், விடமாட்டேன் என்கிறது.

செப்டம்பர் 24, செவ்வாய்

மழை. செருப்பு வார் அறுந்தது. இதுவரை 31 வாசல். பஸ்ஸில் ஏறினால் 200 சாட் (பர்மியப் பணம்), அதனால் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களாகப் பார்த்து நடக்கிறேன். அம்மா எதுவும் கேட்பதில்லை. சாப்பாட்டில் மீன் மட்டும் எனக்குப் பெரிய துண்டாக விழுகிறது.

அக்டோபர் 3, வியாழன்

இன்று நடந்ததை விரிவாகவே எழுதவேண்டும். கப்பல் சரக்கு அனுப்பும் ஆபீஸ் ஒன்று. நேற்றே மின்னஞ்சலில் விவரம் அனுப்பியிருந்தேன். போய் உட்கார்ந்ததும் அங்கிருந்த அமா திரையை என் பக்கம் திருப்பி, "இது என்ன பாஷை? உங்க ஊர் எழுத்தா?" என்றார். பார்த்தால் என் பெயரே எனக்குப் படிக்கவரவில்லை.

சவ்ஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் அடித்து அனுப்பியிருக்கிறேன். அக்டோபர் 1 முதல் நாடே யூனிகோடுக்கு மாறவேண்டும் என்று அரசாங்கம் நாள் குறித்திருந்தது. அந்த ஆபீஸ் சொன்னபடி மாறிவிட்டது, நான் மாறவில்லை. தமிழ்க்காரர்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும். 'கெ' எழுத, பழைய தமிழ் எழுத்துருக்களில் கொம்பை முதலில் தட்டுவோமே, யூனிகோடில் 'க' முன்னால், கொம்பு பின்னால். பர்மிய எழுத்திலும் அப்படி ஒரு கொம்பு உண்டு. சவ்ஜி அதைக் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் வைக்கிறது, யூனிகோடு மெய்க்குப் பின்னால் வைக்கிறது. அதனால் கொம்பெல்லாம் இடம் மாறி, முந்தின எழுத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது.

எழுந்து வந்திருப்பேன். என்னவோ, "அந்த மெஷின்ல அடிச்சுக்கலாமா அமா?" என்று வாய் கேட்டுவிட்டது. 40 நிமிஷத்தில் ஒன்றரைப் பக்கம் அடித்துக் கொடுத்தேன். அங்கே இடம் இல்லை. ஆனால் அவர் அதை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைத் தம் மேசையில் வைத்துக்கொண்டார்: "பருப்பு ஏற்றுமதி பண்றவர் ஒருத்தர் எங்ககிட்டதான் கன்டெய்னர் போடுறார். தமிழ் தெரிஞ்ச ஆள் கேட்டார்."

அக்டோபர் 8, செவ்வாய்

விஜயதசமி. கோயிலில் நிற்கும்போது போன் அடித்தது, மேளச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. அந்தப் பருப்பு ஏற்றுமதிக்காரர்தான். வியாழன் காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்.

அக்டோபர் 10, வியாழன்

நேர்காணல் என்று நினைத்துப் போனால் மேசையில் இரண்டு தட்டு உளுந்து. "எது எஸ்.க்யூ., எது எஃப்.ஏ.க்யூ.?" எஸ்.க்யூ. என்றால் உயர்ந்த தரம், எஃப்.ஏ.க்யூ. சராசரித் தரம். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பினேன். மணி பெரிதாக, ஒரே சீராக இருந்ததை எஸ்.க்யூ. என்றேன். சரி. அடுத்து, "24 டன் எத்தனை வீசை?" வீசை 1.633 கிலோ, டன்னுக்கு 612 என்று வைத்து 14,688 என்றேன். "கொஞ்சம் கூட வரும்" என்று சிரித்தார் சயா. கூட வரும்தான், ஒன்பது வீசை.

பிறகு சென்னையில் வாங்குபவரைப் போனில் பிடித்து என்னிடம் கொடுத்துவிட்டார். அந்தப் பக்கம் ஒரு அண்ணன், சரக்கில் ஈரம் என்று பொரிந்து தள்ளினார். "சொல்லுங்கண்ணே, சொல்லுங்கண்ணே" என்று முழுக்கக் கேட்டுக்கொண்டு, சூட்டைக் குறைத்துப் பர்மியத்தில் சயாவுக்குச் சொன்னேன்.

சம்பளம் மூன்றரை லட்சம் கேட்டேன், 2,80,000 என்றார், மூன்றில் நின்றது. சட்டப்படி குறைந்தபட்சக் கூலியே ஒரு நாளைக்கு 4,800 சாட்தான், வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள் என்று நேற்றே மாமா சொல்லி அனுப்பியிருந்தார். மாமாவுக்கு இதை இன்னும் சொல்லவில்லை. ஒப்பந்தம் 30 நாளுக்குள் எழுதணுமே என்று கேட்டதற்கு சயா புருவத்தைத் தூக்கினார். எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.

அக்டோபர் 21, திங்கள்

தடின்ஜுட் லீவு முடிந்து 16-ஆம் தேதி சேர்ந்தேன். குத்தூசியால் மூட்டையைக் குத்தி மாதிரி எடுப்பதையும் கற்றுத்தருகிறார்கள். கணக்கெழுதுகிறவளுக்கு அது எதற்கு என்று கேட்கவில்லை, கை நீட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மத்தியானம் ஒரு போன். செப்டம்பரில் மழையில் ஏறிய வாசல்களில் ஒன்று, நோட்டைப் புரட்டித்தான் கண்டுபிடித்தேன். "இன்னும் வேலை தேடுறீங்களா?" என்றார்கள். பழைய கிடங்கில் என்னோடு வேலை போன அக்காவின் நம்பரைக் கொடுத்தேன். உடனே அக்காவுக்கும் போன் போட்டேன்: "அக்கா, அனுப்புறதை யூனிகோடுல அனுப்புங்க!"