கொரியன் படிக்கும் தமிழ் மாணவருக்கு: தமிழ் தருவதும் தராததும்

கல்லூரியில் கொரிய மொழி எடுக்கும் தமிழ் மாணவர்கள் பெரும்பாலும் முதல் பருவத்தைச் சிரித்த முகத்தோடு கடந்துவிடுவார்கள். அப்பாவுக்கு அங்கேயும் 'அப்பா'தான். வாக்கியத்தின் கடைசியில் வினை வருகிறது, பெயரின் பின்னால் வேற்றுமை உருபு ஒட்டுகிறது. சிக்கல் இரண்டாம் பருவத்தில் தொடங்குகிறது. எளிதாக வந்ததையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்ததால், தமிழ் கைகொடுக்காத இடங்களுக்கு யாரும் நேரம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். எங்கே வேகமாகப் போகலாம், எங்கே நின்று உழைக்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் மணிக்கணக்கு. கொரியாவில் பல்கலைக்கழகங்களோடு இணைந்த மொழி நிலையங்களில் பொதுவாக ஒரு நிலைக்கு 10 வாரம், வாரம் 20 மணி நேரம், ஆக 200 மணி. ஆறு நிலைகளுக்கு 1,200 மணி. இங்கே வாரம் 5 மணி வகுப்பு, பருவத்துக்கு 15 வாரம் என்று வைத்தால் 75 மணிதான் தேறும். அந்தக் கணக்கில் மூன்றாம் நிலையை எட்டவே எட்டுப் பருவம் ஆகும். வகுப்பு நேரத்துக்கு இணையாக இன்னொரு பங்கை வீட்டில் போட்டால்தான் பட்டம் முடியும்போது மொழி கையில் இருக்கும்.

எழுத்துக்கு ஒரு வாரம் போதும். மன்னர் செஜோங் காலத்தில் 1443இல் உருவாகி 1446இல் அறிவிக்கப்பட்ட ஹங்குலில் அடிப்படை மெய் 14, உயிர் 10. இரட்டை எழுத்துகளையும் கூட்டு உயிர்களையும் சேர்த்தால் மெய் 19, உயிர் 21. மெய்யும் உயிரும் கட்டமாகச் சேர்ந்து ஓர் அசையாவதை உயிர்மெய் பழகிய கண் உடனே பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒரு கண்டிப்பு: கொரியச் சொற்களைத் தமிழில் எழுதி வைத்துப் படிக்காதீர்கள். இந்தப் பதிவில் வேறு வழியில்லாமல் அப்படி எழுதுகிறேன். நோட்டில் அப்படிச் செய்தால், தமிழில் 'புல்' என்று எழுதும் ஒரே வடிவத்துக்குள் தீ, கொம்பு, புல் என்ற மூன்று வேறு கொரியச் சொற்கள் மாட்டிக்கொள்ளும். விசைப்பலகையையும் அதே வாரத்தில் பழகுங்கள். வழக்கமான அமைப்பில் மெய்கள் இடக்கைக்கு, உயிர்கள் வலக்கைக்கு.

ஒலியில் தமிழ் தருவது நிறைய. 'கொகி' (இறைச்சி) என்ற சொல்லில் இரண்டு இடத்திலும் ஒரே எழுத்துதான். முதலில் வரும்போது வன்மையாகவும், உயிர்களுக்கு நடுவே மென்மையாகவும் ஒலிக்கிறது. 'கடல்', 'தங்கம்' இரண்டிலும் ஒரே க-வை இருவிதமாக ஒலிக்கிற நமக்கு இது பாடமே இல்லை. இன்னொரு பரிசு குற்றியலுகரம். 'எட்டு', 'பாட்டு' என்பவற்றின் கடைசியில் உதடு குவியாமல் வரும் அந்த உகரம்தான், பிற நாட்டு மாணவர்கள் வாரக்கணக்கில் திணறும் கொரிய உயிர்களில் ஒன்று. நிலைமொழி மெய்யில் முடிந்து வருமொழி உயிரில் தொடங்கினால் மெய்யின் மேல் உயிர் ஏறுவதும் 'மரமேறினான்' போலவே. மெல்லினத்துக்கு முன் வரும் மெய் தானும் மெல்லினமாகும் பழக்கத்தை 'கன்மலை', 'நாண்மலர்' என்று நாம் ஏற்கெனவே அறிவோம். கொரியனில் 'குக்' என்பதோடு 'முல்' சேர்ந்தால் 'குங்முல்' (குழம்புச் சாறு) ஆகிறது. மரியாதைப் பேச்சில் வாக்கியத்தின் கடைசியில் அடிக்கடி கேட்கிற 'இம்நிதா', எழுத்தில் 'இப்நிதா'.

இதே குற்றியலுகரம்தான் நம்மைக் காட்டியும் கொடுக்கிறது. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை. அதனால் 'பஸ்' நம் வாயில் 'பஸ்ஸு' ஆகிறது. சோற்றைக் குறிக்கும் 'பப்' என்ற கொரியச் சொல்லும் 'பப்பு' ஆகிவிடுகிறது. கொரியர் காதில் அது ஈரசைச் சொல். சரிசெய்யும் வழி எளிது. கடைசி 'ப்'-புக்கு உதட்டை மூடுங்கள், மூடியே வையுங்கள், காற்றை விடாதீர்கள். 'க்', 'த்' இரண்டுக்கும் நாக்கை ஒட்டிய இடத்திலேயே நிறுத்துங்கள். எழுத்தில் எத்தனை வகை இருந்தாலும் அசையின் கடைசியில் கேட்கும் மெய்யொலிகள் ஏழுதான்: க், ந், த், ல், ம், ப், ங்.

மூவகை வல்லினத்துக்குத்தான் அதிக நேரம் தேவை. மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை உதட்டுக்கு முன் பிடித்துக்கொண்டு மூன்று 'புல்'லையும் சொல்லிப் பாருங்கள். புல்லைக் குறிக்கும் சொல்லுக்குக் காகிதம் நன்றாகப் படபடக்க வேண்டும், தீக்குக் கொஞ்சம் அசைய வேண்டும், கொம்புக்கு அசையவே கூடாது. அந்த மூன்றாவது இறுக்க ஒலி 'அக்கா', 'அப்பா' என்பவற்றின் நடுவில் நம்மிடமே இருக்கிறது. 'அக்கா' என்று சொல்லத் தொடங்கி 'க்'-கில் ஒரு கணம் நிறுத்தி, அங்கிருந்து சொல்லை ஆரம்பித்துப் பழகுங்கள். சியோல் பேச்சில் சுருதியும் உதவும்: தீயைக் குறிக்கும் சொல்போலச் சாதாரண ஒலியில் தொடங்கும் சொல் தாழ்ந்தும், மற்ற இரண்டும் உயர்ந்தும் தொடங்கும். உயிர்களில் ஒகரம் இரண்டு உண்டு. ஒன்று உதடு நன்றாகக் குவிவது. மற்றது அ-வுக்கும் ஒ-வுக்கும் நடுவே, உதடு குவியாமல் வருவது. தினம் பத்து நிமிடம், நான்கு வாரம், ஒலிப்பதிவு செய்து கேட்டுத் திருத்தினால் இந்த வேறுபாடுகள் காதில் பதியும். முதல் பருவத்தில் செய்யாவிட்டால் பிற்பாடு திருத்துவது மிகக் கடினம்.

இலக்கணம் நம் வீட்டு முற்றம். பார்த்த படம், பார்க்கிற படம், பார்க்கப்போகிற படம் என்று காலம் காட்டும் பெயரெச்சங்கள் அங்கேயும் பெயருக்கு முன்னால் வந்து நிற்கின்றன: 'பொன்', 'பொனுன்', 'பொல்'. துணைவினைகளைப் பார்த்தால் வியப்பு இன்னும் கூடும். 'சாப்பிட்டுப் பார்' என்பதற்கு 'மொகொ பொதா', அதாவது சாப்பிட்டு, பார். எழுதி வை, செய்து கொடு, சாப்பிட்டு விடு எல்லாவற்றுக்கும் இதே அச்சில் கொரிய வடிவம் உண்டு. 'என்று சொன்னான்' என்பதில் வரும் 'என்று'வின் வேலையைச் செய்யும் இடைச்சொல்லும் அதே இடத்தில் நிற்கிறது. இவற்றை ஆங்கில விளக்கம் வழியாகப் படிப்பது நேர விரயம். பாடநூல் ஆங்கிலத்தில் இருந்தாலும் ஓரத்தில் தமிழ் வாக்கியத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

சறுக்குமிடம் வினையெச்சம். 'சந்தித்து', 'போய்' என்று தமிழ் ஒரே எச்சத்தால் முடிப்பதைக் கொரியன் '-கொ', '-அசொ' என்று பிரிக்கிறது. 'நண்பரைச் சந்தித்துப் படம் பார்த்தேன்' என்பதில் அசொ போட்டால் அந்த நண்பரோடு சேர்ந்து பார்த்ததாகப் பொருள். கொ போட்டால் சந்திப்பு ஒரு வேலை, படம் இன்னொரு வேலை. காரணம் சொல்லும்போதும் இரண்டு விதி. அசொவுக்கு முன் இறந்தகால விகுதி வராது. 'தாமதமானதால்' என்று தமிழில் நினைத்து அதைச் செருகுவது மிகப் பரவலான பிழை. அசொவுக்குப் பின் ஏவலும் வராது. 'மழை பெய்வதால் குடை எடுத்துப் போங்கள்' என்பதற்கு '-நிக்கா' வேண்டும்.

மரியாதையில் பாதி தெரியும், பாதி தவறாகத் தெரியும். கொரிய வினை ஆளைக் காட்டுவதில்லை, மரியாதையைக் காட்டுகிறது. மூத்தவரின் செயலுக்கு நடுவே '-ஷி-' சேரும், தன் செயலுக்கு ஒருபோதும் சேர்க்கக் கூடாது. அகராதியில் 'நீங்கள்' என்று போட்டிருக்கும் 'தங்ஷின்' என்ற சொல்லை ஆசிரியரிடம் சொல்லிவிடாதீர்கள். அது கணவன் மனைவிக்குள்ளும் சண்டையிலும் வருவது. நாம் 'சார்', 'அக்கா' என்று கூப்பிடுவதுபோல அங்கே பேராசிரியருக்கு 'க்யோசுநிம்', சீனியருக்கு 'சொன்பெ'. அண்ணனை ஆண் 'ஹ்யொங்' என்பார், பெண் 'ஒப்பா' என்பார்; அக்காவுக்கு ஆண் சொல்வது 'நூனா', பெண் சொல்வது 'ஒன்னி'. ஒரே பிள்ளை என்றாலும் 'எங்க அம்மா', 'எங்க வீடு' என்று சொல்கிற வழக்கம் 'உரி' என்ற சொல்லில் அப்படியே இருக்கிறது. ஆனால் நாம், நாங்கள் என்ற பிரிவு அதற்குக் கிடையாது. 'சாப்பிட்டாச்சா?' அங்கேயும் நலம் விசாரிப்புதான். பொருளைக் கொடுக்கவும் வாங்கவும் இரண்டு கை. சோற்றுக்குக் கரண்டி, கறிகளுக்குக் குச்சி. கிண்ணத்தைக் கையில் தூக்குவது வழக்கமில்லை. சோற்றில் குச்சியை நட்டு நிறுத்துவது நீத்தார் படையலை நினைவூட்டும். 2023 ஜூன் 28 முதல் சட்டப்படி உலக வழக்க வயதுதான் என்றாலும், பிறந்த ஆண்டைக் கேட்டு முறை தீர்மானிப்பது தொடர்கிறது.

எண்களில் இரண்டு வரிசை. மணிக்குக் கொரியச் சொல், நிமிடத்துக்குச் சீன வழிச் சொல். பெரிய தொகை பத்தாயிரம் பத்தாயிரமாக அடுக்கப்படுகிறது, அதன் பெயர் 'மான்'. நமக்கு லட்சக் கணக்கு தெரியும் என்பதால் இப்படி வைத்துக்கொள்ளலாம்: ஒரு லட்சம் 10 மான், ஒரு கோடி 1,000 மான், பத்துக் கோடி ஓர் 'ஒக்'.

சொற்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வது வீண் வேலை. அகராதியில் பாதிக்கு மேல் சீன வேர்ச் சொற்கள். கல்வியைக் குறிக்கும் 'ஹக்' தெரிந்தால் மாணவர், பள்ளி, பருவம், இலக்கியம், அறிவியல் எல்லாம் ஒரே கொடியில் வரும். சீன எழுத்து வடிவம் தெரியாவிட்டாலும், முந்நூறு வேர்களை ஒலியும் பொருளுமாகப் படித்தால் இடைநிலைப் பாடம் இலகுவாகும்.

அந்தப் 'புல்' ஒற்றுமையைப் பார்த்துவிட்டு 'கொரியன் தமிழிலிருந்து வந்தது' என்று கல்லூரிக் கட்டுரையில் எழுதிவிடாதீர்கள். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்க மிஷனரி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். ஆனால் உறவை நிலைநாட்ட முறையான ஒலி ஒப்புமை வேண்டும், அது இன்றுவரை காட்டப்படவில்லை. வாக்கிய அமைப்பு ஒத்திருப்பது உண்மை. படிப்பதற்கு அந்த உண்மையே போதிய உதவி.

இனி டோபிக் என்னும் கொரிய மொழித் திறன் தேர்வு. முதல் தாள் 200 மதிப்பெண். 80 எடுத்தால் முதல் நிலை, 140 எடுத்தால் இரண்டாம் நிலை. இரண்டாம் தாள் 300க்கு: 120, 150, 190, 230 என்பவை முறையே மூன்று முதல் ஆறாம் நிலை வரை. முடிவு இரண்டு ஆண்டுகள் செல்லும். கொரிய அரசின் ஜி.கே.எஸ். உதவித்தொகையில் போகிறவர்கள் ஓராண்டு மொழிப் பயிற்சிக்குள் மூன்றாம் நிலையை எட்டினால்தான் பட்டப்படிப்பில் நுழையலாம். ஐந்தாம் நிலையோடு போனால் அந்த ஓராண்டே தேவையில்லை.

நம் மாணவர்கள் மதிப்பெண்ணை விடுவது எழுத்துப் பகுதியில். 50 நிமிடம், நான்கு கேள்வி. 53ஆம் கேள்விக்கு வரைபடத்தைப் பார்த்து 200 முதல் 300 எழுத்து, சொந்தக் கருத்து கூடாது, 30 மதிப்பெண். 54ஆம் கேள்விக்கு 600 முதல் 700 எழுத்துக் கட்டுரை, 50 மதிப்பெண். இரண்டையும் புத்தக நடையில், 'தா' என்று முடியும் வாக்கியங்களாக எழுத வேண்டும். வகுப்பில் பேசிப் பழகிய 'யொ' முடிவு நுழைந்தால் மதிப்பெண் போகும். கட்டம் போட்ட தாளில் ஓர் அசைக்கு ஒரு கட்டம், பத்தியின் முதல் கட்டம் காலி, முற்றுப்புள்ளிக்குத் தனிக் கட்டம், எண்கள் என்றால் கட்டத்துக்கு இரண்டு. தேர்வுக்கு மூன்று மாதம் முன்பிருந்தே இதே கட்டத் தாளில் வாரம் இரண்டு கட்டுரை எழுதுங்கள், 54க்கு 30 நிமிடத்துக்கு மேல் எடுக்காதீர்கள்.