வாரிசு இல்லாத ஹாக்

ஹாக் என்றதும் நெதர்லாந்தின் ஹேக் நகரத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது மியூனிக்குக்குக் கிழக்கே, ஜெர்மனியின் பவேரியாவில் உள்ள ஒரு சிற்றூர். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே பழைய கோட்டைக் கோபுரம் தெரிந்துவிடுகிறது. உச்சியில் மூலைக்கு ஒரு குட்டிக் கோபுரம் ஒட்டவைத்த மாதிரி நிற்கிறது. கோட்டையின் பெரும்பகுதி இப்போது இல்லை. ஊரின் சின்னம் சிவப்புப் பின்னணியில் வெள்ளைக் குதிரை.

இந்தச் சின்ன இடம் ஒரு காலத்தில் பவேரியாவை ஆண்ட டியூக்குக்கே கட்டுப்படாத தனி ஆட்சிப் பகுதி. நேரே புனித ரோமானியப் பேரரசருக்குக் கீழே! அதை ஆண்ட பிரபுவுக்குக் கவுண்ட் என்று பட்டம். கடைசிக் கவுண்ட் லாடிஸ்லாவுஸ். ஹான்ஸ் மீலிஹ் 1557இல் வரைந்த அவருடைய முழு உருவப் படத்தைப் போனில் எடுத்துப் பார்த்தேன். கறுப்பு உடை, பக்கத்தில் ஒரு சிறுத்தை. ஊர் சின்னதுதான், தோரணைக்குக் குறைவில்லை. லாடிஸ்லாவுஸ், கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்துப் பிரிந்த மார்ட்டின் லூதர் பக்கம் சாய்ந்தவர். டியூக் ஐந்தாம் ஆல்பிரெக்ட் தீவிரக் கத்தோலிக்கர். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.

1566இல் லாடிஸ்லாவுஸ் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். சண்டையே இல்லாமல் ஹாக் ஆல்பிரெக்டின் கைக்குப் போயிற்று. கவுண்ட் இருந்த இடத்தில் டியூக்கின் அதிகாரி வந்து உட்கார்ந்தார். மக்களும் மீண்டும் கத்தோலிக்கர்களாக்கப்பட்டார்கள்.

ஆனால் ஹாக்கைப் பவேரியாவோடு கரைத்துவிடவில்லை. பேரரசின் பவேரிய வட்டாரச் சபையில், அதாவது அந்த வட்டார ஆட்சியாளர்கள் கூடும் சபையில், ஹாக்குக்கென்று ஒரு ஓட்டு இருந்தது. ஹாக் தனிப் பகுதியாக இருக்கும்வரை அந்த ஓட்டும் பவேரிய ஆட்சியாளருக்குத்தான். என்ன கணக்கு பாருங்கள்!

டியூக்கின் எல்லைக்குள்ளேயே இருந்த சாதாரணப் பிரபுக்களின் நிலை வேறு. ஹோஃப்மார்க் எனப்படும் அவர்களுடைய நிலங்களில் சில்லறை வழக்குகளை அவர்களே விசாரிக்கலாம். மரண தண்டனைக்குரிய வழக்கு மட்டும் டியூக்கின் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். 1557இல் ஆல்பிரெக்ட் அவர்களுக்கு மேலும் சலுகை கொடுத்தார். பிரபுக்களின் அந்த நீதிமன்றங்கள் 1848 வரை நீடித்தன.

அடுத்து பாசாவ் நகரத்துப் பக்கம் உள்ள ஓர்டென்பர்க் போனேன். இதுவும் ஒரு கவுண்டின் ஆட்சிப் பகுதியாக இருந்த ஊர். அங்கே ஆல்பிரெக்டின் பாச்சா பலிக்கவில்லை. கவுண்ட் யோவாகிம் 1563இல் லூதர் மதப்பிரிவைக் கொண்டுவந்ததும் டியூக் அவருடைய நிலங்களைப் பறித்தார், சதி வழக்கும் போட்டார். யோவாகிம் விடவில்லை. பேரரசு நீதிமன்றம் 1573இல் ஓர்டென்பர்க்கின் தனி உரிமையை ஒப்புக்கொண்டது. சுற்றிலும் கத்தோலிக்கப் பவேரியா, நடுவில் லூதர்காரர்களின் தீவு. 1805இல்தான் அப்போதைய கவுண்ட், டாம்பாக் என்ற வேறொரு இடத்தை வாங்கிக்கொண்டு ஓர்டென்பர்க்கைப் பவேரியாவிடம் கொடுத்தார்.