குமரிமுனையில் இருந்து படிக்க சில அறிவியல் புனைகதைகள்

இப்போது படித்துக்கொண்டிருப்பது ஆர்தர் சி. கிளார்க்கின் 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்'. 1979இல் வந்த நாவல். ஆங்கிலத்தில் ஒரே ஒரு அறிவியல் புனைகதை மட்டும் படிக்கிறேன் என்று நம் மாவட்டத்துக்காரர் யாராவது கேட்டால், யோசிக்காமல் இதைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

கதை நடக்கும் தீவுக்கு தாப்ரபேன் என்று பெயர். பெயர்தான் வேறு, தீவு இலங்கையேதான். சிகிரியா பாறைக்கோட்டை யக்ககல என்றும் சிவனொளிபாத மலை ஸ்ரீகந்தா என்றும் வருகின்றன. கிளார்க் 1956இல் இலங்கைக்குக் குடிவந்து 2008இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தவர். மலையும் அதன்மேல் இருக்கும் துறவிகள் மடமும் நாவலில் அவ்வளவு நெருக்கமாகத் தெரிவது அதனால்தான். ஆனால் கதைக்காகத் தீவை ஏறக்குறைய 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்தி, மலையின் உயரத்தையும் இரட்டிப்பாக்கியிருக்கிறார். இதை அவரே பின்னுரையில் சொல்லிவிடுகிறார்.

ஏன் நகர்த்த வேண்டும்? நாவலில் ஒரு பொறியாளர் தரையிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி (லிஃப்ட்) கட்டப் பார்க்கிறார். நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் இருந்தால், பூமி சுழலும் வேகத்திலேயே அதுவும் சுற்றும். கீழிருந்து பார்ப்பவருக்கு ஒரே இடத்தில் நிற்கும். அங்கிருந்து தரைவரை ஒரு வடத்தைத் தொங்கவிடலாம். தொங்கும் எடை செயற்கைக்கோளைக் கீழே இழுக்காமல் இருக்க, எதிர்ப்பக்கம் மேல்நோக்கியும் வடம் நீண்டு, அதன் நுனியில் ஒரு எதிர்எடை வேண்டும். வடம் நேராகத் தொங்க, தரையில் அதைக் கட்டும் இடம் நிலநடுக்கோட்டில் இருந்தாக வேண்டும். கன்னியாகுமரியே நிலநடுக்கோட்டுக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. அதனால்தான் தீவு இடம்பெயர்ந்தது. காற்று மெலிந்த உயரத்தில் வடத்தைக் கட்டுவதற்காக மலையும் வளர்ந்தது.

இவ்வளவு பாடு எதற்கு என்று தோன்றினால் இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது சுமார் 320 டன்; துருவச் சுற்றுப்பாதைக்குக் கொண்டுபோவது ஒன்றே முக்கால் டன். மிச்சமெல்லாம் எரிபொருளும் வழியில் கழன்று விழும் பாகங்களும்தான். அந்த ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கில் இருக்கும் விகாஸ் எஞ்சினைச் சோதிப்பது ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கம், மகேந்திரகிரியில்.

அறிவியல் புனைகதை எதுவானாலும், நம்மை எந்த ஒன்றை நம்பச் சொல்கிறது என்பதை முதல் ஐம்பது பக்கத்துக்குள் பிடித்துவிட வேண்டும். இந்த நாவலில் அது வடம் செய்யும் இழை மட்டும்தான். தன் எடையைத் தானே தாங்கி அத்தனை ஆயிரம் கிலோமீட்டர் தொங்கும் பொருள் எதுவும் இன்றுவரை அந்த நீளத்துக்குச் செய்யப்படவில்லை. இழையை ஒப்புக்கொண்டுவிட்டால் மற்றதெல்லாம் இயற்பியல். இடறுகிற இடம் ஆரம்பத்தில் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய காளிதாசன் என்ற அரசனின் கதையும் எதிர்காலக் கதையும் மாறிமாறி வரும். அரசன் பகுதியைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். மலைமேல் இருக்கும் துறவிகள் விஷயத்தில் பின்னால் வரும் திருப்பத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

ஆங்கிலம் எளிதாக இருக்க வேண்டும், கணக்கும் பிடிக்கும் என்பவர்களுக்கு ஆண்டி வெயரின் 'தி மார்ஷியன்'. செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்டவன் எழுதும் நாட்குறிப்பு. உருளைக்கிழங்கு பயிரிடத் தண்ணீர் வேண்டும். மிச்சமிருக்கும் ஹைட்ரசின் எரிபொருளை இரிடியம் வினையூக்கிமேல் விட்டுப் பிரித்து, வரும் ஹைட்ரஜனை ஆக்சிஜனோடு எரித்துத் தண்ணீர் எடுக்கிறான். எரியாமல் தங்கிய ஹைட்ரஜன் என்ன செய்யும் என்பதை நாவலிலேயே படியுங்கள். இங்கே நம்பச் சொல்வது தொடக்கத்தில் வரும் புயலை. செவ்வாயின் காற்று நம்முடையதில் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு அடர்த்தி. காற்றின் தள்ளுவிசை அடர்த்தியையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. கணக்குப் போட்டால், அங்கே மணிக்கு 160 கிலோமீட்டரில் வீசும் காற்று இங்கே 20 கிலோமீட்டர் காற்று தள்ளுகிற அளவுக்குத்தான் தள்ளும். காற்றாலைகள் நிற்கும் நம் முப்பந்தலில் சாதாரண நாளிலேயே அதைவிட வேகமாக அடிக்கும். கதை தொடங்க அது தேவைப்பட்டது என்று வெயரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஐசக் அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' வரிசையில் பலர் தப்பான புத்தகத்தில் தொடங்கிவிடுகிறார்கள். கதைக்காலப்படி முதலில் வருவது 1988இல் எழுதிய 'பிரெலூட் டு ஃபவுண்டேஷன்'. அதில் தொடங்கினால் முந்தைய புத்தகங்கள் பொத்திவைத்த ரகசியங்கள் உடைந்துபோகும். 1951, 1952, 1953இல் வந்த மூன்றையும் முதலில் முடியுங்கள். இவை பத்திரிகையில் தனித்தனியாக வந்த கதைகளின் தொகுப்பு. ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும்போது பல பத்தாண்டுகள் தாண்டியிருக்கும், பழைய ஆட்கள் இருக்கமாட்டார்கள். புத்தகத்தில் ஏதோ பக்கம் விட்டுப்போனதாக நினைத்துக் குழம்ப வேண்டாம்.

லியு சிசினின் 'தி த்ரீ-பாடி பிராப்ளம்' நல்ல நாவல், ஆனால் முதல் புத்தகமாக வேண்டாம். சீனப் பெயர்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அட்டையின் உள்பக்கத்தில் பெயரும் வேலையும் பென்சிலால் குறித்துக்கொண்டால் பாதித் தொல்லை போய்விடும்.

காசு செலவில்லாமல் தொடங்க எச். ஜி. வெல்ஸ், ஜூல்ஸ் வெர்ன் இருவரும் இருக்கிறார்கள். பதிப்புரிமை முடிந்துவிட்டதால் பழைய நூல்களைத் தரும் குட்டன்பர்க் இணையதளத்தில் இலவசம். வெல்ஸின் 'தி டைம் மெஷின்' சின்னப் புத்தகம், விடுமுறை நாள் ஒன்றில் முடியும். வெர்னின் கடலடிப் பயணக் கதையான 'ட்வென்டி தவுசண்ட் லீக்ஸ் அண்டர் தி சீஸ்' நாவலில் மட்டும் மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பார்த்து எடுங்கள். 1870களில் வந்த மெர்சியர் மொழிபெயர்ப்பில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு வெட்டப்பட்டது. அறிவியல் விவரங்களிலும் பிழை மலிந்தது. எஃப். பி. வால்டர் செய்தது முழுமையானது, அதுவும் அங்கேயே இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் படித்தவர்கள் 'தி மிஸ்டீரியஸ் ஐலண்ட்' நாவலையும் விடாதீர்கள். கடலடிக் கதையின் நீர்மூழ்கித் தலைவன் கேப்டன் நெமோ, புந்தேல்கண்ட் ராஜாவின் மகன் என்பது அதில்தான் தெரியவரும்.

தமிழில் தொடங்குவதென்றால் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', பிறகு 'மீண்டும் ஜீனோ'. வரிசையை மாற்ற வேண்டாம். ஆனந்த விகடனில் தொடராக வந்ததால் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு திடுக்கிடலில் முடியும். ஒரே மூச்சில் படித்தால் அலுக்கும். நாளைக்கு இரண்டு மூன்று அத்தியாயம் போதும். பள்ளிப் பிள்ளைகளுக்கும் தாராளமாகக் கொடுக்கலாம்.

பெரியவர்களுக்கு நாகர்கோவிலில் வாழும் ஜெயமோகனின் 'விசும்பு'. அறிவியல் சிறுகதைகளின் தொகுப்பு. இதில் விண்கலத்தைத் தேடினால் ஏமாற்றம்தான். சித்த மருத்துவம், ரசவாதம் போன்ற நம் மரபு அறிவுகளை எடுத்துக்கொண்டு, அவற்றிடம் அறிவியலின் கேள்விகளைக் கேட்கிறது. அடுத்தடுத்து படித்துத் தள்ளாமல், 'ஐந்தாவது மருந்து' கதையை முதலில் படித்துவிட்டு ஒரு நாள் இடைவெளி விட்டு 'பித்தம்' எடுங்கள். இந்தச் சுவை பிடித்துவிட்டால் டெட் சியாங்கின் 'ஸ்டோரீஸ் ஆஃப் யுவர் லைஃப் அண்ட் அதர்ஸ்' தொகுப்புக்கு நேராகப் போகலாம், நடுவில் வேறெதுவும் வேண்டியதில்லை.