எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க?

"தாயி, இன்னைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க?"

அவள் கேட்டது இவ்வளவுதான். மராத்தியில் தாயி என்றால் அக்கா. மணி ஏழே கால் இருக்கும். திரையிலிருந்து முழுசாகத் தலையைத் திருப்பாமலே, "தெரியலம்மா, லேட் ஆகும்" என்றேன். இருபதே நிமிடத்தில் கிளம்பிவிட்டேன். லிஃப்டுக்கு அவள் இருக்கையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஹெல்மெட்டை அவள் கண்ணில் படாத பக்கம் மாற்றிப் பிடித்துக்கொண்டது வரை ஞாபகம் இருக்கிறது.

ஆறு வாரம் கழித்து அவள் வேலையை விட்டுவிட்டு மும்பைக்கே திரும்பிவிட்டாள். கடிதத்தில் எழுதிய காரணம், குடும்பச் சூழ்நிலை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று முன்பே ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அப்படியானால் நான் சொன்ன பதிலுக்கும் அவள் போனதற்கும் சம்பந்தமே இல்லை. சரி. ஆனால் சென்னையில் அந்த அலுவலகத்தில் அந்தக் கேள்விக்கு அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

2004 முதல் எட்டு வருடம் மும்பைப் பக்கத்து டோம்பிவிலியிலிருந்து வி.டி. ஸ்டேஷன் வரை லோக்கல் ரயிலில், லேடீஸ் பெட்டியில் போய் வந்தவள் நான். மூன்று பேர் உட்காரும் சீட்டில் நான்காவதாக ஒட்டிக்கொள்வதற்கு அங்கே 'ஃபோர்த் சீட்' என்றே பெயர். ஏறியதும் முதல் கேள்வி, "கஹாங் உதர்னா ஹை?" எங்கே இறங்கணும்? அன்பினால் கேட்பதில்லை, நீ எழுந்ததும் அந்த இடம் எனக்கு என்று சொல்லி வைப்பதற்காகக் கேட்பது. ஆனால் தினமும் அதே முகம், அதே வண்டி. ஒரு மாதம் போயிருக்கும், காட்கோபர் வந்ததும் ஒருத்தி எழுந்து, என் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். பெயர்கூடத் தெரியாது. நவராத்திரி வந்தால், இறங்கும்போது "நாளைக்குப் பச்சை" என்று எல்லோரும் உடுத்த வேண்டிய புடவை நிறத்தைச் சொல்லிவிட்டுப் போவாள். அங்கே சாயங்காலம் ஒருத்தி "எத்தனை மணிக்குக் கிளம்பற?" என்று கேட்டால், சேர்ந்து போகலாம் வா என்று அர்த்தம்.

2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. வண்டிகள் நின்றுபோய் இடுப்பளவு தண்ணீரில் நடந்தோம். முன்னால் போனவள் தன் துப்பட்டா முனையை என் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். நான் தடுக்கினால் அந்தத் துணி இழுபடும், அவள் நிற்பாள்.

அதற்காகச் சென்னைக்கு ஈரமில்லை என்று சொல்ல மாட்டேன். 2015 டிசம்பரில் வேளச்சேரியில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது மூன்று நாள் எங்களை வைத்துக்கொண்டது மாடி வீட்டுக்காரர்கள்தான். இன்றைக்கும் பொங்கலன்று தூக்குச்சட்டி வருகிறது. ஆனால் அந்த உறவும் "உங்களுக்கு எந்த ஊரு?" என்ற கேள்வியில்தான் ஆரம்பித்தது. அவர்கள் சம்பந்தி வீடும் எங்கள் ஊர்ப்பக்கம். இங்கே பேச்சு ஊரைப் பிடித்துக்கொண்டுதான் வளரும். அலுவலகத்தில் அந்தப் பெண் டோம்பிவிலி என்று சொன்னால், "ஓ, பாம்பேயா" என்பார்கள். அடுத்த கேள்வி யாருக்கும் வராது.

இதையும் சொல்ல வேண்டும். மும்பையில் மஞ்சள் காமாலையோடு பதினைந்து நாள் அறையில் தனியாகக் கிடந்தேன். பெட்டித் தோழிகள் ஒருத்திக்கும் என் வீடு எங்கே என்று தெரியாது. சென்னை வந்த இரண்டே மாதத்தில் போன்களும் நின்றுபோயின. ஆகவே அங்கே போனால் அவள் தனிமை தீர்ந்துவிடும் என்று நான் நம்பவில்லை. அப்படி நினைத்துக்கொள்வது எனக்குக் கொஞ்சம் வசதியாகவும் இருக்கிறது.

பஸ் இருந்தும் அவள் பறக்கும் ரயிலில்தான் போவாள், தரமணியிலிருந்து மந்தைவெளிக்கு. ரயில் என்றதும் ஆசைப்பட்டிருக்கிறாள். எட்டரை மணிக்கு மேல் அந்தப் பெரிய ஸ்டேஷனில் நம் செருப்புச் சத்தம் நமக்கே திரும்பிக் கேட்கும். கேக் வெட்டிய கடைசி நாளில் சிரித்துக்கொண்டே சொன்னாள், "இடிக்கறதுக்குக்கூட ஆள் இல்லை தாயி." நானும் சிரித்து வைத்தேன்.

ஸ்டேஷன் பத்து நிமிட நடை. அவளை விட்டுவிட்டு வந்து ஸ்கூட்டரை எடுத்திருக்கலாம். அந்த வாரம் மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை, அது பொய்யில்லை. அப்புறம், மறுநாள் காலை என் மேசையில் அவளுடைய லீவ் ஃபாரம் இருந்தது. முந்தின நாள் அந்தக் கையெழுத்துக்காகத்தான் கேட்டிருப்பாள், நான் இருக்கும்போதே வாங்கிவிட நினைத்திருப்பாள் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கையெழுத்து வாங்க வந்தவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டா வந்து நிற்பாள்?